கண்ணாடியில் பொறித்த 1893: ஹெமிங்ரே இன்சுலேட்டரின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

இணையத்தில் பழம்பொருள் தேடுகிறவர்கள் கண்ணில் அடிக்கடி படும் பொருள் ஒன்று உண்டு: தந்திக் கம்பத்தில் கம்பியைத் தாங்கிய கண்ணாடி இன்சுலேட்டர். நீலப்பச்சை நிறம், கவிழ்த்து வைத்த மணி போன்ற உருவம், உள்ளே திருகு மரை. கீழே "1893-இல் செய்தது, 130 ஆண்டுப் பழைமை" என்று எழுதி ஒரு விலையும் போட்டிருப்பார்கள். விற்பவர் பொய் சொல்லவில்லை. கண்ணாடியிலேயே ஆங்கிலத்தில் 'பேட்டன்ட் மே 2 1893' என்று புடைப்பெழுத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே 'ஹெமிங்ரே-42' என்று பொறித்த இன்னொன்று, "1942-ஆம் ஆண்டு மாடல்" என்று விற்பனைக்கு நிற்கும்.

இரண்டு கணக்குமே தவறு. முதலாவது காப்புரிமை தந்த நாள். இரண்டாவது, இதைச் செய்த ஹெமிங்ரே என்ற அமெரிக்கக் கண்ணாடிக் கம்பெனியின் சரக்குப் பட்டியல் எண். இந்தக் கண்ணாடியில் நிறைய எழுதியிருக்கிறது, ஆனால் எது எதைக் குறிக்கிறது என்பது கம்பெனியின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால்தான் பிடிபடும்.

முதலில், இது எதற்கு?

தந்திக் கம்பி வழியாகப் போகும் மின்சாரம் கம்பத்தின் வழியே தரைக்கு இறங்கிவிடக் கூடாது. காய்ந்த மரம் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. நனைந்த மரம் கடத்தும். அதனால் கம்பிக்கும் மரத்துக்கும் நடுவில் மின்சாரம் கடத்தாத ஒரு பொருள் வேண்டும். அதுதான் இன்சுலேட்டர்.

ஒரு கம்பத்தில் கசிவது மிகச் சொற்பம். ஆனால் அன்றைய வழிகளில் ஒரு மைலுக்கு 30, 40 கம்பங்கள் இருந்தன. 40 என்றே வைத்துக்கொண்டால் 100 மைலில் 4,000 இடங்களில் கசிவு. ஒவ்வொன்றும் துளித்துளியாகத் தரைக்கு விட்டால், மழை நாளில் மறுமுனையிலுள்ள கருவியை அசைக்கவே மின்சாரம் மிஞ்சாது.

கண்ணாடியின் உடல் வழியாக மின்சாரம் ஊடுருவுவது இங்கே பிரச்சினை இல்லை. மேற்பரப்பில் படியும் ஈரமும் அழுக்கும்தான் பிரச்சினை. அந்த ஈரப்படலத்தின் மேலேயே மின்சாரம் ஊர்ந்து இறங்கிவிடும். இன்சுலேட்டரின் உருவம் முழுவதும் இந்த ஊர்தலைத் தடுக்க அமைந்ததுதான். மேலே குமிழ் போன்ற தலை. அதன் கழுத்தில் கம்பி உட்காரும் பள்ளம். கீழே அகன்று விரியும் விளிம்பு. சேகரிப்பாளர்கள் இதைப் பாவாடை என்பார்கள். சிலவற்றில் உள்ளே இன்னொரு வளையம், உள்பாவாடை. மழை வெளிப்பாவாடையை நனைக்கும், உள்பாவாடை ஓரளவு காய்ந்தே இருக்கும். கசிவு கீழே வந்து, விளிம்பைச் சுற்றி, உள்ளே ஏறி, மறுபடி இறங்கி, அதற்குப் பிறகுதான் மரமுளையை, அதாவது இன்சுலேட்டர் உட்காரும் மரத்தண்டை, தொட முடியும்.

நம் ஊர்க் கம்பங்களில் பார்த்துப் பழகியது வெள்ளைப் பீங்கான். பிரிட்டிஷ் வழக்கம் அது, இந்தியாவுக்கும் அதுவே வந்தது. கண்ணாடியின் மேல் ஈரப்படலம் சுலபமாகப் படியும், மெருகிட்ட பீங்கானில் அவ்வளவு படியாது என்பது அவர்கள் கணக்கு. அமெரிக்கர்கள் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டதற்கு முதல் காரணம், அது மலிவு. விரிசலை வெளியிலிருந்தே பார்த்துவிடலாம் என்ற வசதியும் இருந்தது. ஆகவே நம்மிடம் விற்பனைக்கு வரும் 'ஹெமிங்ரே' பெயர் பொறித்த கண்ணாடி அமெரிக்கச் சரக்கு. நம் ரயில்பாதை ஓரத்திலிருந்து எடுத்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மரை வந்த கதை

வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே சாமுவேல் மோர்ஸின் தந்தி 1844-இல் ஓடியது. அடுத்த 20 ஆண்டுகளுக்கு இன்சுலேட்டருக்குள் மரை கிடையாது. வழவழப்பான குழிக்குள் மரமுளையைச் செருகி, தார் தோய்த்த துணி போன்ற எதையாவது சுற்றி இறுக்குவார்கள். காற்றில் கம்பி அதிர அதிர, வெயிலிலும் குளிரிலும் மரம் சுருங்கி விரிய, கண்ணாடி முளையிலிருந்து மெல்ல மேலேறிக் கழன்றுவிடும். பள்ளமான நிலத்தில் நிற்கும் கம்பங்களில் இது இன்னும் மோசம். அங்கே கம்பியின் இழுப்பே மேல்நோக்கி இருக்கும்.

லூயி கோவே என்ற நியூயார்க் தச்சர் இதற்கு விடை கண்டார்: முளையிலும் மரை, கண்ணாடிக்குள்ளும் மரை. காப்புரிமை நாள் 1865 ஜூலை 25. அந்த உரிமை புரூக்ளினில் கண்ணாடி செய்துவந்த புரூக்ஃபீல்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதனால்தான் பழைய புரூக்ஃபீல்டு கண்ணாடிகளில் கோவேயின் பெயரும் தேதியும் இருக்கின்றன.

சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். இரும்பு அச்சுக்குள் உருகிய கண்ணாடி உருண்டையை விட்டு, கத்தரியால் வெட்டி, மரை வெட்டிய இரும்புத் தண்டை மேலிருந்து அழுத்த வேண்டும். பிறகு அந்தத் தண்டைச் சுழற்றிக் கழற்ற வேண்டும். சீக்கிரம் கழற்றினால் இளகிய மரை சரிந்துவிடும். தாமதித்தால் குளிரும் கண்ணாடி சுருங்கி இரும்பை இறுகப் பிடித்து வெடித்துவிடும். நடுவில் கிடைக்கும் நேரம் சில நொடிகள்தான். இந்த அழுத்தும் முறையைச் செம்மைப்படுத்தியதற்காக ராபர்ட் ஹெமிங்ரே வாங்கிய காப்புரிமையின் நாள் 1871 டிசம்பர் 19. கம்பெனியின் ஆரம்பகாலக் கண்ணாடி பலவற்றில் பெயரே இருக்காது, இந்தத் தேதி மட்டும் இருக்கும்.

சின்சினாட்டியிலிருந்து மன்சிக்கு

ராபர்ட் ஹெமிங்ரேயும் ரால்ஃப் கிரேயும் 1848-இல் ஒஹையோ மாநிலம் சின்சினாட்டியில் கண்ணாடித் தொழிலைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் உலை, ஆற்றுக்கு அக்கரையில் கென்டக்கியிலுள்ள கோவிங்டனுக்கு மாறியது. அப்போது இன்சுலேட்டர் அவர்களுக்குப் பல சரக்குகளில் ஒன்றுதான். பழ ஜாடி, விளக்குக் கண்ணாடி, குவளை எல்லாம் செய்தார்கள். 1870-இல் 'ஹெமிங்ரே கிளாஸ் கம்பெனி' என்று பதிவானது.

பெரிய திருப்பம் 1888. இண்டியானாவில் அப்போதுதான் இயற்கை எரிவாயு கிடைத்திருந்தது. கண்ணாடி உலைக்கு எரிபொருள்தான் பெரும் செலவு. தொழிற்சாலைகளை இழுக்க அங்குள்ள ஊர்கள் போட்டி போட்டுக்கொண்டு நிலமும் எரிவாயுவும் சலுகையாகக் கொடுத்தன. ஹெமிங்ரே மன்சி என்ற ஊருக்குப் போனது. ஜாடிக்குப் பேர்போன பால் சகோதரர்களும் ஏறக்குறைய அதே நேரத்தில் அங்கேதான் வந்து சேர்ந்தார்கள். வாயு எந்நாளும் தீராது என்று நினைத்துத் தெருவிளக்கைப் பகலிலும் எரியவிட்ட ஊர்கள் அவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அழுத்தம் குறைந்து வாயு ஓய்ந்துபோனது. ஆனால் ஹெமிங்ரே மன்சியிலேயே நின்றுவிட்டது. தந்தி, தொலைபேசி, ரயில் சமிக்ஞை, மின்விநியோகம் என்று நான்கு பக்கமும் கம்பி இழுத்த காலம். இன்சுலேட்டர் செய்வதில் உலகிலேயே பெரிய கம்பெனியாக அது வளர்ந்தது அங்கேதான்.

1933-இல் ஓவன்ஸ்-இல்லினாய் நிறுவனம் அதை வாங்கியது. கண்ணாடியில் ஹெமிங்ரே பெயர் மட்டும் மாறவில்லை. 1960-களின் பிற்பகுதி வரை அதே பெயரில் வந்துகொண்டிருந்தது. வயதைக் கணிப்பதில் வரும் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் இதுவே.

1893 மே 2: என்ன நடந்தது?

இன்சுலேட்டரைக் கவிழ்த்து அடிவிளிம்பைப் பாருங்கள். வட்டமாகச் சின்னச் சின்னப் பற்கள் வரிசையாக இருந்தால், அதற்காக வாங்கிய காப்புரிமையின் நாள்தான் 1893 மே 2. விளிம்பு வழவழப்பாக இருந்தால் தண்ணீர் ஒரே படலமாக உள்பக்கம் வரை பரவும். பற்கள் இருந்தால் துளிகளாகத் திரண்டு சொட்டிவிடும் என்பது கருத்து. சொட்டுமுனை என்று சொல்லலாம். மழைக்கு இது எவ்வளவு உதவியது என்பதில் பின்னாளில் பலருக்குச் சந்தேகம். சூடான விளிம்பு உலைத்தளத்தில் முழுசாகப் படியாமல் காப்பதுதான் இதன் உண்மையான பயன் என்று சொல்வோரும் உண்டு. விளம்பரத்துக்கு நன்றாக உதவியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அமெரிக்காவில் அன்று காப்புரிமைக் காலம் 17 ஆண்டு. 1893-இல் வாங்கியது 1910-இல் முடியும். ஆகவே அந்தத் தேதியுள்ள கண்ணாடி 1893-க்கு முந்தியதாக இருக்க முடியாது. அதற்குப் பிறகு எந்த ஆண்டிலும் செய்ததாக இருக்கலாம். இரும்பு அச்சு விலை கூடியது, தேயும் வரை ஓடும். உரிமை முடிந்த மறுநாளே எழுத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இருக்கவில்லை.

எழுத்துகளைப் படிக்கும் வரிசை

1. பெயர். 'எச்.ஜி.கோ.' என்ற சுருக்கம் மட்டும் இருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு என்று பெரும்பாலும் நம்பலாம். 'ஹெமிங்ரே' என்று முழுப்பெயர் இருந்தால் அதற்குப் பிந்தியது. பெயரே இல்லாமல் 1871 தேதி மட்டும் இருந்தால் இரண்டுக்கும் முந்தியது.

2. பெயருக்குப் பக்கத்து எண். 9, 12, 19, 20, 40, 42, 45 என்று வரும். இவை கம்பெனியின் மாடல் எண்கள், ஆண்டு அல்ல. 9 என்பது தொலைபேசிக்கான சிறிய வகை, 'போனி' என்பார்கள். 40-ஐ அடுத்து வந்தது 42.

3. 'மேட் இன் யு.எஸ்.ஏ.' மறுபக்கத்தில் காப்புரிமைத் தேதிக்குப் பதிலாக இது இருந்தால் பிற்காலம்.

4. ஆண்டுக் குறி. ஓவன்ஸ்-இல்லினாய் காலத்துக் கண்ணாடியில் சின்ன எழுத்தில் '20-47' போல ஒன்று இருக்கும். கோட்டுக்கு முன்னால் அச்சின் எண், பின்னால் அச்சு செய்த ஆண்டு. அதே அச்சு அடுத்த ஆண்டும் ஓடினால் ஆண்டுக்கு ஒரு புள்ளி சேர்ப்பார்கள். '20-47' என்பதோடு மூன்று புள்ளி இருந்தால் 1950. உண்மையான உற்பத்தி ஆண்டைச் சொல்வது இந்தப் புள்ளிகள்தான். ஆனால் விற்பனை விளம்பரங்களில் இதை யாரும் படமெடுத்துப் போடுவதில்லை. கேட்டு வாங்குங்கள்.

புரூக்ஃபீல்டு கண்ணாடியில் ஆண்டுக்குப் பதில் அலுவலக முகவரி உதவும். 55 ஃபுல்டன் தெரு என்றால் முந்தியது, 45 கிளிஃப் தெரு அடுத்தது, 83 ஃபுல்டன் தெரு அதற்கும் பிந்தியது. கம்பெனி வீடு மாறியது நமக்கு நாட்காட்டி ஆகிவிட்டது.

சி.டி. எண் என்பது என்ன?

விளம்பரங்களில் 'சி.டி. 154' என்று இன்னொரு எண் வரும். இது கண்ணாடியில் இருக்காது. 'கன்சாலிடேட்டட் டிசைன்' என்பதன் சுருக்கம், என்.ஆர். உட்வர்ட் என்ற சேகரிப்பாளர் 1950-களில் வகுத்த வரிசை எண் இது. உருவத்தை மட்டும் கணக்கில் எடுக்கும், யார் செய்தது என்பதைப் பார்க்காது. ஹெமிங்ரே-42, விட்டால் டேட்டம் நம்பர் 1, லிஞ்ச்பர்க் 44, கனடாவின் டொமினியன் 42 நான்கும் சி.டி. 154-தான். மரையுள்ளவை 100-இல் தொடங்குகின்றன, மரையில்லாதவை 700-இல். எனவே 700 என்று பார்த்தால் நிமிர்ந்து உட்காரலாம். அவற்றில் சில ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும்.

கம்பிகள் நிலத்தடிக்குப் போகத் தொடங்கி, ரயில்பாதை ஓரம் மூட்டை மூட்டையாகக் கண்ணாடி கிடந்த 1960-களில்தான் இந்தச் சேகரிப்புப் பரவலானது. இதற்கென்றே 1969-இல் ஒரு மாத இதழும், 1973-இல் நேஷனல் இன்சுலேட்டர் அசோசியேஷனும் தோன்றின.

ஒரு 42-ஐக் கையில் எடுத்தால்

உயரம் சுமார் 4 அங்குலம். எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். பார்ப்பதற்குத் தெரிவதைவிடக் கனம். உள்மரை 1 அங்குல முளைக்கானது, அங்குலத்துக்கு 4 சுற்று. விரலை உள்ளே விட்டுத் தடவினால் மரைக்கும் வெளிப்பாவாடைக்கும் நடுவே உள்பாவாடை தட்டுப்படும். பக்கவாட்டில் அச்சு சேர்ந்த இடத்தில் நூல்போல ஒரு கோடு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அரிசி அளவுக் குமிழிகள் இருக்கலாம். அதைக் குறையாக எண்ண வேண்டாம். சில குழிகளின் மரை இடுக்கில் பழைய முளையின் மரத்தூள் இன்னும் இருக்கும்.

இதன் நிறம் பெரும்பாலும் நீலப்பச்சை. அதற்காக யாரும் நிறம் சேர்க்கவில்லை. மணலில் இருக்கும் இரும்பு தரும் நிறம் அது, அதை நீக்கச் செலவு செய்யவில்லை, அவ்வளவுதான். சற்று அடர்ந்த நீலத்துக்கு 'ஹெமிங்ரே நீலம்' என்றே பெயர். 1930-களுக்குப் பிறகு நிறமற்ற கண்ணாடி கூடுதல். வெளிச்சம் உள்ளே புகுந்தால் சிலந்தியும் பூச்சியும் பாவாடைக்குள் கூடு கட்டாது என்பதும் ஒரு சமாதானம்.

விலை எதைப் பார்த்து வருகிறது?

வயதைப் பார்த்து அல்ல. மே 1893 தேதியுள்ள ஒரு நீலப்பச்சை 9 அல்லது 12 அமெரிக்காவில் சில டாலருக்குக் கிடைக்கும். நீலப்பச்சை 42-உம் அப்படித்தான், ஏனென்றால் அவர்கள் செய்த வகைகளிலேயே மிக அதிகமாகச் செய்தது அதுதான். இங்கே அதற்கு ஆயிரங்களில் விலை சொன்னால், கொடுப்பது கப்பல் கூலிக்கும் அறியாமைக்கும்.

விலையைத் தூக்குவது நிறம். அதே 19, நீலப்பச்சையில் சாதாரணம். கோபால்ட் நீலத்தில் மதிப்பு பலமடங்கு. அடுத்தது உருவம். 1890-களின் இறுதியில் யூட்டா மாநிலத்தில் 40,000 வோல்ட் மின்வழி இழுத்தபோது செய்த 'புரோவோ' வகையும், 'மன்சி' வகை என்ற பெரிய உயர் மின்னழுத்தக் கண்ணாடிகளும் எண்ணிக்கையில் குறைவு. மின்னழுத்தம் இன்னும் கூடியபோது முளையில் உட்காரும் இன்சுலேட்டரே தாக்குப்பிடிக்கவில்லை. தொங்கும் பீங்கான் தட்டு வரிசை வந்துவிட்டது. அதனால் இவை அதிக காலம் ஓடவில்லை. மூன்றாவது, உடைசல். அடிவிளிம்பில் நகக்கண் அளவு சில்லு பொறுத்துக்கொள்ளலாம். தலையில் விரிசல் என்றால் விலை பாதிக்கும் கீழே.

நிறத்தில் நடக்கும் ஏமாற்று

ஊதாக் கண்ணாடிக்கு ஒரு நேர்மையான வரலாறு உண்டு. இரும்பின் பச்சையை மறைக்கச் சிலர் கலவையில் மாங்கனீசு சேர்த்தார்கள். அது பல ஆண்டு வெயிலில் புற ஊதாக் கதிர் பட்டு மெல்ல ஊதாவாகும். கதிர்வீச்சுக் கூடத்தில் காமா கதிரில் வைத்தால் இதே வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும், நிறமும் இயற்கையைவிட ஆழமாக இருக்கும். வேறு சில வெறும் கண்ணாடிகள் கதிர்பட்டால் புகைப்பழுப்பாக மாறும். இன்னொரு வகை, மேற்பூச்சு: சாதாரணக் கண்ணாடிக்குக் கோபால்ட் நீலமோ சிவப்போ வெளியில் மட்டும் ஏற்றுவது.

மேற்பூச்சைப் பிடிப்பது எளிது. சில்லு போன இடத்தையும் உள்மரையையும் பாருங்கள். உண்மை நிறம் ஆழம் வரை ஒன்றாக இருக்கும். பூச்சு என்றால் சில்லுக்குள் வேறு நிறம் தெரியும். கதிர்வீச்சைக் கண்ணால் பிடிப்பது கடினம். ஒரே வழி, அந்த எழுத்தும் அந்த உருவமும் அந்த நிறத்தில் வந்ததாக ஏற்கெனவே பதிவு உண்டா என்று சேகரிப்பாளர்களின் பட்டியலில் தேடுவது. '42' ஆழ்ந்த ஊதாவில் கண்ணில் பட்டால் பணப்பையை மூடிவிடலாம்.

கழுவும்போது

ரயில்பாதைக் கண்ணாடியில் கரிப்புகையும் இரும்புத்தூளும் கருப்பாகப் பிடித்திருக்கும். சோப்பு அசைக்காது. இரும்புக் கறைக்கு ஆக்சாலிக் அமிலம் கேட்கும்.

1. பிளாஸ்டிக் வாளி. உலோக வாளி கூடாது, அமிலம் அதையே தின்னும்.

2. கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, காற்றோட்டமான இடம். தூளை மூக்கில் ஏற விடாதீர்கள், சிறுநீரகத்துக்கு நஞ்சு. குழந்தைகள், நாய், பூனை நெருங்காதபடி மூடி வையுங்கள். பிளீச்சிங் எதையும் கலக்கவே கூடாது.

3. தண்ணீரில் கரைத்து ஒன்று முதல் மூன்று நாள் ஊறப் போடுங்கள். குளிர்ந்த கண்ணாடியை வெந்நீரில் இறக்கினால் பழைய அழுத்தம் வெளிப்பட்டு வெடிக்கலாம். அறைச் சூட்டுத் தண்ணீரே போதும்.

4. எடுத்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் மறுபடி அலசுங்கள்.

கண்ணாடியையே அரிக்கும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தின் பக்கமே போக வேண்டாம். எலும்பு வரை இறங்கும் விஷம் அது. மரை இடுக்கில் மரத்தூள் கெட்டியாக ஒட்டியிருந்தால் கத்தி முனையால் தோண்டாதீர்கள், மரை விளிம்பு பெயரும். இரண்டு நாள் ஊறியதும் தானே இளகும், ஈர்க்குச்சி போதும்.